முதலில் பலூன், அப்புறம்தான் முகம்

காமிக்ஸ் வரைகிறேன் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "ஆளை எப்படிங்க அப்படியே கொண்டு வர்றீங்க?" என்பதுதான். ஆளை வரைவதில் அவ்வளவு கஷ்டம் இல்லை. மூக்கு கொஞ்சம் கோணினால் அதுவே அந்த ஆளுக்கு ஒரு குணத்தைக் கொடுத்துவிடும். அந்த ஆள் வாயைத் திறக்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. அவர் பேசுவதை எழுதும் வட்டத்தை, அதாவது பலூனை, எங்கே போடுவது?

"போய்க்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு பாத்திரம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் பாதி அகலத்தை அந்த ஒரு சொல்லே விழுங்கிவிடும். இரண்டு வரியாக உடைத்தால் "போய்க்கொண்டி" மேலே, "ருக்கிறேன்" கீழே; படிக்கிறவர் நடுவில் தடுக்கி விழுவார். "போயிட்டிருக்கேன்" என்றால் ஓரளவு அடங்கும். என் கதைகளில் எல்லோரும் பேச்சுத் தமிழ் பேசுவதைப் பார்த்துவிட்டு அதில் ஏதோ மொழிக் கொள்கை இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். இடநெருக்கடி, அவ்வளவுதான்.

அகலத்தோடு முடிந்தால் பரவாயில்லை, உயரமும் இருக்கிறது. ஆங்கில காமிக்ஸில் பெரும்பாலும் எல்லாமே பெரிய எழுத்து, எல்லாம் ஒரே உயரம். வரிமேல் வரியாக நெருக்கி அடுக்கலாம். நமக்கு "கீ"க்கு மேலே ஒரு சுழி, "ழு"வுக்குக் கீழே ஒரு வால். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொண்டால் எழுத்தே வேறாகத் தெரியும். எழுத்தின் உடம்பு 4 மில்லிமீட்டர் என்றால் வரிகளுக்கு நடுவே குறைந்தது 3 விடுவது என் வழக்கம். ஆங்கிலத்தில் மூன்று வரி நிற்கும் இடத்தில் எனக்கு இரண்டுதான் நிற்கும்.

இரும்புக்கை மாயாவி கதையோடு 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984இல் லயனும் ராணியும் வந்தன. இவற்றில் வந்தவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகள். பலூன் வேறொரு மொழிக்காக ஏற்கெனவே வரையப்பட்டிருக்கும், அதற்குள் தமிழை உட்கார வைக்க வேண்டும். வசனத்தை வெட்டி, எழுத்தைச் சிறிதாக்கி, ஓரம் வரைக்கும் நிரப்பி எப்படியோ சமாளித்தார்கள். அந்த நெரிசலில் படித்தே வளர்ந்ததால் அது நெரிசல் என்றே எங்களுக்கு உறைக்கவில்லை. சொந்தமாக வரைகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பலூனை நமக்கு வேண்டிய அளவில் போட்டுக்கொள்ளலாம். அப்படியிருந்தும் பலர் படத்தை முழுசாக முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும் மூலையில் வசனத்தைத் திணிக்கிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது.

நான் தலைகீழாகப் போகிறேன். நீள நோட்டில் முதலில் வசனம் மட்டும் எழுதுவேன். சத்தமாகப் படித்துப் பார்த்து, மூச்சு வாங்கும் இடங்களில் வெட்டுவேன். அப்புறம் கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குப் பக்கங்களைக் கிறுக்குவேன். எங்கள் வீட்டில் பத்திரிகைகளுக்குப் பஞ்சமே இல்லை, தாளும் நல்ல கனமாக இருக்கும். அந்தக் கிறுக்கலில் முகம், கை, கால் எதுவும் இருக்காது. பலூன்களும், ஆள் நிற்கும் இடத்தில் ஒரு கோடும் மட்டும்தான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் இடமிருந்து வலம் படிக்கிறோம், அதனால் முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பலூன்களின் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, யார் எதைச் சொன்னார் என்று படிக்கிறவர் தேட வேண்டியிருக்கும். சைதாப்பேட்டையில் நான் அடிக்கடி வரையும் டீக்கடையில் பாய்லர் வலது கையில் இருக்கிறது. கதையில் மாஸ்டர்தான் முதலில் பேசுகிறார்: "ஸ்ட்ராங்கா, லைட்டா?" பாய்லரோடு கடையை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டேன். மாஸ்டரிடம் பக்கத்தைக் காட்டினேன். "எல்லாம் சரி, நான் இடது கையால ஆத்துறனே"ன்னு சிரித்தார். கடையைத் திருப்பும்போது ஆளையும் சேர்த்துத் திருப்பியிருந்தேன். பரவாயில்லை, கதையில் அவர் இடது கைக்காரராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கிறுக்கல் சரியானதும் ஏ3 தாளுக்குப் போவேன். புத்தகம் ஏ4இல் வரும், அதாவது எல்லாம் சுமார் 70 சதவீதமாகச் சுருங்கும். 0.5 பேனாவால் போட்ட கோடு அச்சில் 0.35 ஆகிவிடும், 0.1 பேனாவால் ஆசை ஆசையாகப் போட்ட மயிரிழைகள் பாதி காணாமல் போகும். அதனால் மெல்லிய பேனாக்களை வாங்குவதையே விட்டுவிட்டேன். தாள் வாங்க பாரிமுனைக்குப் பக்கத்தில் ஆண்டர்சன் தெரு. அழைப்பிதழ்க் கடைகளும் பேப்பர் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் தெரு அது. "கார்ட்ரிட்ஜ், 150 ஜிஎஸ்எம்மா 200ஆ?" என்று தாளின் வகையையும் கனத்தையும் கேட்டுக்கொண்டே கடைக்காரர் ஒரு தாளை எடுத்து நம் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக் காட்டுவார். விறைப்பாகச் சத்தம் வந்தால் மையைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. இதுவரை அந்தக் கணக்கு பொய்த்ததில்லை.

மை போடுவதில் இருக்கும் சுகம் வேறு எதிலும் இல்லை. தொட்டு எழுதும் நிப், ஒரு பாட்டில் இந்தியன் இங்க். நிப்பை அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். ஒரே கோட்டில் புடவை மடிப்பின் கனத்தையும் காற்றையும் கொண்டு வரலாம். ஆனால் சென்னை இதற்கு ஏற்ற ஊர் இல்லை. ஃபேன் போட்டால் நிப் முனையில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். போடாவிட்டால் மணிக்கட்டு வேர்த்து, தாள் ஈரமாகி, அந்த இடத்தில் மை பரவும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு பழைய தாள் கிடக்கும். மே மாதத்தில் விடியற்காலையிலேயே மை வேலையை முடித்துவிட்டு, பகலில் அழிப்பதும் ஸ்கேன் பண்ணுவதுமாக ஓட்டுவேன்.

அக்டோபர் இன்னும் மோசம். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கிய இங்க்டோபர் இப்போது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மாதம் முழுக்கத் தினம் ஒரு மைப்படம், அதற்குத் தினம் ஒரு சொல். நம் ஊரில் அதே மாதம்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அலமாரிக்குள் இருக்கும் தாள்கூட நமுத்துப்போய் மையைக் குடிக்கும். மழைகூடப் பரவாயில்லை. பட்டியல்தான் எனக்கு ஒட்டவே இல்லை. எங்கேயோ யாரோ போட்டுக் கொடுத்த சொல்லுக்கு நான் ஏன் டிராகன் வரைய வேண்டும்? தினம் வரைவது நல்ல பழக்கம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. விதியை மட்டும் அவரவர் ஊரிலிருந்தும் அவரவர் குறையிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் குறை கைகள். முகம் வந்துவிடும், கை வராது. விரல்கள் வெண்டைக்காய்க் கொத்து போல நிற்கும். அதற்காகப் பறக்கும் ரயிலில் போகும்போதெல்லாம் கை மட்டும் வரைவது என்று வைத்துக்கொண்டேன். பென்சில் கிடையாது, நேரே பேனா. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரைதான் நேரம். மந்தைவெளியில் தொடங்கிய கை கிரீன்வேஸ் சாலையில் இறங்கிப் போய்விடும். நோட்டில் மூன்று விரலோடு நிற்கும், அது அப்படியே இருக்க வேண்டும். அடுத்த ஆளின் கையை வைத்து முடிக்கக் கூடாது.

சீக்கிரமே ஒரு தொல்லை வந்தது. எல்லாக் கையும் ஒரே கை. வண்டி முழுக்கப் போன்தான்: சுண்டுவிரல் அடியில் முட்டுக்கொடுக்க, கட்டைவிரல் மேலே தேய்க்க. அதனால் போன் பிடித்த கை கூடாது என்று இன்னொரு விதி சேர்த்தேன். அப்புறம்தான் மற்ற கைகள் கண்ணில் பட்டன. தூங்கும்போதும் பை வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருக்கும் கை, சில்லறையை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே கம்பியைப் பிடிக்கும் கை, மடியில் டிபன் கேரியர் சாயாமல் ஒரே விரலால் தடுத்து வைத்திருக்கும் கை. இவற்றில் ஒன்றையும் வீட்டு மேஜையில் உட்கார்ந்து என்னால் யோசித்திருக்க முடியாது. டிபன் கேரியர் விரல் பிறகு ஒரு கதையில் ஒரு முழுக் கட்டமாகவே வந்தது. அதற்கு வசனமே தேவைப்படவில்லை.

கை தேடி மயிலாப்பூர் மாட வீதிக்கும் போனேன். அங்கே ஒரு பூக்கார அக்கா முழம் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் நுனியில் சரத்தைப் பிடித்து முழங்கை வரை இழுப்பார், அங்கே மடித்து மறுபடி விரல் நுனிக்கு. சட்டென்று முடிந்துவிடும். மூன்று கட்டமாகப் பிரிக்கலாம் என்று போட்டுப் பார்த்தேன். நடுக்கட்டம் ஒத்துழைக்கவில்லை. கை நீட்டியும் இல்லாமல் மடக்கியும் இல்லாமல் ஒரு நிலையில் இருந்தது, பூச்சரம் எங்கே தொங்குகிறது என்றே பிடிபடவில்லை.

"இன்னா கண்ணு, என்னையா வரையுற?"

"ஆமாக்கா, கையை மட்டும்."

"கையை மட்டும் இன்னாத்துக்கு? அளக்குற கையா, காசு வாங்குற கையா?"

அளக்கிற கை என்றேன். உடனே மெதுவாக அளந்து காட்டினார். பார்த்தால், முழங்கையில் மடிக்கும்போது சரத்தை அங்கே பிடிப்பது இன்னொரு கையின் கட்டைவிரல். இத்தனை நேரம் நான் ஒரு கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு மாமி, "மெதுவா அளந்தா முழம் கொஞ்சம் நீளமா வருதே, எனக்கும் அப்படியே அளந்து குடு" என்றார். அக்கா அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இப்படி உட்கார்ந்து பார்த்து வரைவது இந்த ஊருக்குப் புதிது இல்லை. ஆனந்த விகடனில் சில்பி ஊர் ஊராகக் கோயிலுக்குப் போய், சிலைக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தவர். அவர் கோட்டில் கல்லின் தேய்மானம் வரைக்கும் தெரியும். அதே விகடனில் கோபுலு தெருவையும் திண்ணையையும் அப்படிப் பார்த்து வைத்திருந்தார். அவர் வரைந்த ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்பவருக்குக்கூடத் தனி முதுகு இருக்கும். வடபழனியில் அம்புலிமாமா அலுவலகத்தில் சங்கர் 1950களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் உட்கார்ந்து வரைந்தார். தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தன் என்றதும் நம் மனதில் வருவது அவர் போட்ட படம்தான். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். 2020இல் இறந்தார், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

இவர்கள் யாரும் "டெய்லி ப்ராஜெக்ட்" என்று சொல்லிக்கொண்டதில்லை. வாரத்துக்கு வாரம், மாதத்துக்கு மாதம் இதழ் வந்தாக வேண்டும், வரைந்தார்கள். நாளுக்கு நாள் என்றால் கன்னித்தீவு. தினத்தந்தியில் 1960இலிருந்து ஓடுகிறது. முடியாத எதையும் கன்னித்தீவு என்று நாம் கிண்டல் செய்கிறோம். அதை வரைகிற கையின் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்குக் கிண்டல் வரவில்லை. சில கட்டங்களுக்குள் நேற்றைக்கும் ஒரு ஒட்டு வைத்து, நாளைக்கும் ஒரு கொக்கி போட்டு, நடுவில் இன்றைக்கு ஏதாவது நடக்கவும் வேண்டும். ஒரு வாரத்துக்கு முயன்று பாருங்கள், தெரியும்.

இப்போது என் மேஜையில் இருப்பது கொஞ்சம் நீளமான கதை. 1965இல் மவுண்ட் ரோட்டில் கடைகளுக்கு போர்டு எழுதும் ஒருவரைப் பற்றியது. அந்த வருஷம் ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. எந்த மொழியில் எழுதுவது என்பதே தெருச் சண்டையாக இருந்த நேரத்தில், எழுதுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர் என்ன செய்திருப்பார் என்பதுதான் என்னை இழுத்தது. ஆனால் வரைய உட்கார்ந்தால் முதல் சிக்கல் ஊர். நினைவில் இருக்கும் மவுண்ட் ரோட்டை அப்படியே போட முடியாது. ஜெமினி மேம்பாலம் வந்தது 1973இல், ஆகவே அங்கே வெறும் சந்திப்பு. டிராமை வைத்தால் அழகாக இருக்கும், பழைய மெட்ராஸ் என்றாலே எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் டிராம் 1953இலேயே நின்றுவிட்டது. பஸ் மீது "பல்லவன்" என்று எழுதினால் அதுவும் தப்பு, அந்தப் போக்குவரத்துக் கழகம் வந்ததே 1972இல். எல்ஐசி கட்டடம் இருக்கலாம், 1959இல் திறந்தது. நல்லவேளை, கட்டத்தில் உயரமாக நிமிர்ந்து நிற்க ஒன்றாவது கிடைத்தது. அதே வருஷம் மெரினாவில் உழைப்பாளர் சிலையும் வந்துவிட்டது. நாயகன் வேலை இல்லாத ஒரு சாயங்காலம் அதன் அடியில் உட்காருகிறார். அந்தச் சிலையைச் செய்த ராய் சௌத்ரி சங்கர் படித்த அதே கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். இதைக் கதைக்குள் எங்கே நுழைப்பது என்று தெரியாததால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது எழுத்து. இன்றைக்கு நாம் எழுதும் "லை", "னை", "ணை" எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த வடிவங்கள். 1965இல் எழுதிய போர்டில் இவற்றுக்குத் தலையில் கொம்பு இருக்கும். "னா", "றா", "ணா" எல்லாம் கால் தனியாக நிற்காமல் உடம்போடு வளைந்து போகும். ஆக என் பக்கத்தில் இரண்டு தமிழ் வேண்டும். பலூனுக்குள் இன்றைய வாசகருக்கான எழுத்து, கடை வாசலில் கொம்பு வைத்த எழுத்து. கணினியில் இந்தப் பழைய வடிவங்களுக்கு அலைவதை விடக் கையால் எழுதிவிடுவதே மேல். பலூன் எழுத்தையும் நான் கையால்தான் எழுதுகிறேன். நான் முதலில் வாங்கிய வரைகலை மென்பொருளில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறி நின்றது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற மென்பொருளை வண்ணத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். எழுத்து கைக்குப் பழகிவிட்டது, திரும்பிப் போக மனமில்லை.

போர்டு எழுத்தைப் பார்க்க எங்கே போவது? தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே பழைய பத்திரிகைகளை எடுத்துக் கதைகளைத் தாண்டி விளம்பரங்களுக்குப் போனேன். துணிக்கடை, தலைவலித் தைலம், சைக்கிள், பேனா. அந்தக் கால எழுத்துக்காரர்களின் கை முழுக்க அங்கேதான் இருக்கிறது. "ழ"வின் வாலை நீட்டி அடுத்த சொல்லுக்கு அடிக்கோடாக்குவார்கள். "ஸ்ரீ"யை மட்டும் பெரிதாக எழுதி அதன் வயிற்றுக்குள் கடைப் பெயரை வைப்பார்கள். இதெல்லாம் என் கதாநாயகருக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேலைகள். அவருக்குத் தெரிய வேண்டுமானால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும். அதனால் இந்தக் கதை முடியும் வரை தினசரி விதி மாறிவிட்டது. எங்கே போனாலும் ஒரு கையெழுத்து போர்டு, பார்த்து அப்படியே எழுத வேண்டும், ஃபிளெக்ஸ் கணக்கில் சேராது.

இந்த விதி நினைத்ததை விடக் கடுமையாக இருக்கிறது. ஃபிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ் பிடித்து எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சில நாள் ஒரு தெரு முழுக்க நடந்தாலும் ஒன்றும் தேறாது. கிடைக்கும் இடங்கள் விநோதமானவை: லாரியின் பின்பக்கம், தண்ணீர் டேங்க், "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்ற சுவர். அந்த "கழிக்காதீர்" பெரும்பாலும் இடம் போதாமல் கடைசியில் நசுங்கியிருக்கும். திருவல்லிக்கேணியில் ஒரு சைக்கிள் கடையில் மட்டும் முழு போர்டு ஒன்று இன்னும் இருக்கிறது. மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். நிழல் எல்லா எழுத்திலும் வலது கீழ்ப்பக்கம் விழ, "ர்"இன் புள்ளிக்கு மட்டும் இடப்பக்கம் விழுந்திருக்கிறது. எழுதியவர் ஏணியில் எந்தப் பக்கம் சாய்ந்து நின்றார் என்று யோசித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். கடைக்காரர், "பஞ்சரா மேடம்?" என்று கேட்டார்.

அச்சு வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அழுக்கைத் துடைத்து, சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னதாக ராயப்பேட்டையில் ஒரு பிரஸ்ஸில் கொடுப்பேன். முதுகில் ஊசி அடிக்கும் சின்னப் புத்தகம் என்பதால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும். போர்டுக்காரர் கதையின் முதல் பாகம் 26இல் வந்து நிற்கிறது.

"ரெண்டு பக்கம் எடுத்துடுங்க மேடம், 24ல முடிச்சா காசும் மிச்சம்" என்றார் பிரஸ்காரர். எதை எடுப்பது என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். அவரும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பிறகு தானாகவே, மெரினா பக்கத்தைக் காட்டி, "இதுல ஒண்ணும் நடக்கலையே" என்றார். ஒன்றும் நடக்காததால்தான் அந்தப் பக்கமே வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கால்குலேட்டரை எடுத்து 28 பக்கத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். புத்தகத்துக்குப் பத்து ரூபாய் கூடும். சரி, 28 என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் இரண்டு பக்கம் வரைய வேண்டும், டிசம்பர் பாதிக்குள்.